ஒரே ஆள், மூன்று நாய்: அஜிலிட்டிக் களத்தில் தீராத ஒரு வழக்கு

வார இறுதியில் நடக்கும் அஜிலிட்டிப் போட்டியில் ஒரே ஆள் எத்தனை நாய்களோடு களமிறங்கலாம்? ஒன்றா, இரண்டா, வீட்டில் இருப்பவை எல்லாமா? குதிரையேற்றக்காரர்கள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள். ஆட்டிடையர்களிடம் வேறொரு விடை இருக்கிறது. மோப்ப நாய்ப் பிரிவினரைக் கேட்டால் கேள்வியையே தலைகீழாக்கி, ஒரு நாய்க்கு எத்தனை ஆள் என்று திருப்பிக் கேட்பார்கள். அஜிலிட்டிக்கு இன்னும் ஐம்பது வயது நிறையவில்லை. அதற்குள் புகுந்திருக்கும் விடைகளுக்கு வயது அதிகம். இந்த விளையாட்டைச் சுற்றி நடக்கும் வாதங்கள் பெரும்பாலும் இரவல் வாதங்களாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று தோன்றுகிறது.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக: அஜிலிட்டியில் நாய் கயிறில்லாமல் ஓடும். கூட ஓடும் ஹேண்ட்லர் நாயையும் தொடக்கூடாது, தடைகளையும் தொடக்கூடாது. குரல், கை, தோள், காலடி ஆகியவற்றால் மட்டுமே வழிகாட்ட வேண்டும். எஃப்.சி.ஐ. எனப்படும் சர்வதேச நாய்கள் கூட்டமைப்பின் விதிப்படி ஒரு களத்தில் 15 முதல் 22 தடைகள் இருக்கும். தாண்டும் கம்பிகள், டனல், நெளிந்து கடக்க வேண்டிய 12 வீவ் கம்பங்கள், ஏ-ஃபிரேம், சீசா என அவை பல வகை. தவறு ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி பிழை. மூன்று முறை தடையை மறுத்தால் வெளியேற்றம். ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முன் சில நிமிடங்கள் ஹேண்ட்லர்கள் நாயில்லாமல் களத்தை நடந்து பார்த்து, எந்தத் தடைக்கு எங்கே நிற்பது, எங்கே திரும்புவது என்று மனப்பாடம் செய்துகொள்வார்கள். தடைகளின் வரிசை அன்றைக்குத்தான் தெரியும் என்பதால் வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு வர வழியில்லை.

தமிழ்நாட்டில் இது இன்னும் வேரூன்றிய விளையாட்டு அல்ல. தடை தாண்டும் நாய் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அரசு விழாக்களில் வளையத்துக்குள் பாயும் காவல்துறை நாய்தான். அப்படியிருக்க, இந்தக் கேள்வியைத் தாம்பரத்துக்குக் கிழக்கே, வேளச்சேரி நெடுஞ்சாலையில் சேலையூருக்கும் செம்பாக்கத்துக்கும் இடையில் இருக்கும் ராஜகீழ்ப்பாக்கத்தில் வைத்துக் கேட்பதில் ஒரு பயன் உண்டு. பிற நாட்டு விடைகளுக்குள் அவர்களுடைய புல்வெளியும் அவர்களுடைய வெயிலும் சொல்லாமலே ஒளிந்திருக்கின்றன. இடம் மாறினால் அவை வெளியே தெரிகின்றன.

குதிரை லாயத்திலிருந்து வந்த விடை

1978 பிப்ரவரி. லண்டன் ஒலிம்பியா அரங்கில் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சி. முக்கிய நிகழ்ச்சிகளுக்கு நடுவே பார்வையாளர்களை உட்கார வைக்க ஏதாவது வேண்டியிருந்தது. கண்காட்சிக் குழுவைச் சேர்ந்த ஜான் வார்லி, நாய்ப் பயிற்சியாளர் பீட்டர் மீன்வெல்லின் துணையோடு, குதிரைகளின் தடைதாண்டல் போட்டியை நாய்களுக்கு ஏற்றபடி குறுக்கி அமைத்தார். நேரத்தை நிரப்ப வந்தது தனி விளையாட்டாகிவிட்டது. 1980இல் பிரிட்டனின் கென்னல் கிளப் அங்கீகாரம் தந்தது. அமெரிக்காவில் 1986இல் தனிச் சங்கம் தோன்றியது, 1994இல் அமெரிக்கன் கென்னல் கிளப் ஏற்றது. எஃப்.சி.ஐ.யின் உலகப் போட்டி 1996இல் தொடங்கியது.

பிறந்த இடத்தின் வழக்கத்தை இந்த விளையாட்டு இன்னும் விடவில்லை. குதிரை தடைதாண்டலில் ஒரே வீரர் ஒரே நாளில் இரண்டு மூன்று குதிரைகளில் ஏறுவது சாதாரணம். குதிரை களைக்கும், ஏறுபவர் அவ்வளவு களைப்பதில்லை என்பது அதன் தர்க்கம். இதைச் சொல்லித்தான் பல நாய் ஹேண்ட்லர்கள் தங்கள் பக்கத்தை நியாயப்படுத்துகிறார்கள்.

ஒப்புமை முதல் அடியிலேயே இடறுகிறது. குதிரைக்காரர் உட்கார்ந்திருக்கிறார், அஜிலிட்டிக்காரர் தன் காலில் ஓடுகிறார். மூன்று நாய், நாளுக்கு இரண்டு பிரிவு, இரண்டு நாள் என்றால் 12 ஓட்டங்கள். ஒவ்வொன்றும் சில விநாடிப் பாய்ச்சலும் சட்டென்ற திருப்பமும் கலந்தது. முழங்காலும் கணுக்காலும் இதற்குச் சாட்சி சொல்லும்.

இந்தத் தரப்பில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதற்கும் குதிரைக்கும் சம்பந்தமில்லை. நாயின் போட்டி வாழ்வு குறுகியது. எஃப்.சி.ஐ. விதிப்படி 18 மாதம் நிரம்பாமல் நாய் களத்துக்கு வர முடியாது. எட்டு, ஒன்பது வயதில் பல நாய்கள் ஓய்வை நெருங்குகின்றன. ஒரு நாய் ஓய்ந்த பிறகுதான் அடுத்ததை எடுப்பது என்று இருந்தால், குட்டியை வளர்த்துப் பழக்கிக் களத்துக்குக் கொண்டுவர இரண்டு மூன்று ஆண்டுகள் ஹேண்ட்லர் சும்மா இருக்க வேண்டும். ஆகவே மூத்தது ஓடிக்கொண்டிருக்கும்போதே இளையது சேர்கிறது. பல நாய் ஹேண்ட்லர்களில் பலர் இப்படி வாரிசு முறையில் உருவானவர்கள். 'ஆளுக்கு ஒரு நாய்' என்ற விதி இவர்களை, ஓடும் மூத்ததா, பழகும் இளையதா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும். சிலர் விளையாட்டை விட்டே விலகுவதில் அது போய் முடியலாம்.

காவலர் விடையும் இடையர் விடையும்

எதிர்த் தரப்பின் வேர் சீருடைப் பணியில் இருக்கிறது. சென்னைக் காவல்துறையில் 1950களின் தொடக்கத்திலிருந்தே மோப்ப நாய்ப் பிரிவு இயங்கி வருகிறது. மத்தியப் பிரதேசத்தின் டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையமும் மீரட்டில் ராணுவத்தின் மையமும் நாய்களைப் பழக்குகின்றன. இங்கெல்லாம் அடிப்படை அலகு இணைதான். குட்டி வந்த நாளிலிருந்து குறிப்பிட்ட ஆள்தான் சோறு வைப்பார், குளிப்பாட்டுவார், பழக்குவார். ஒருவர் விடுப்பில் போனால் வேலை நிற்கக்கூடாது என்பதற்காக, பல இடங்களில் ஒரு நாய்க்கு இரண்டு பேரைப் பழக்குகிறார்கள். அஜிலிட்டியில் ஓர் ஆளுக்கு மூன்று நாய், காவல்துறையில் ஒரு நாய்க்கு இரண்டு ஆள். விகிதம் ஆறு மடங்கு மாறிவிடுகிறது.

இந்தப் பள்ளியில் பழகியவர்களுக்குப் பல நாய்களோடு ஓடுவது கவனச்சிதறலாகவே படும். நாய் ஆளின் தோளையும் மூச்சையும் படிக்கிறது, ஆள் நாயின் காதையும் வாலையும் படிக்கிறார், இந்த வாசிப்பைப் பங்கு போட முடியாது என்பது அவர்கள் வாதம். வெடிமருந்து தேடும் இடத்தில் இதை மறுப்பது கடினம். அங்கே பிழைக்கு விலை வேறு. ஐந்து புள்ளி பிழைக்காக அதே கறாரைக் கேட்பது பொருந்துமா என்பதுதான் ஐயம். தவிர, இணைப்பு பங்கிட்டால் குறைந்துவிடும் என்ற கூற்று பணியின் ஒழுங்கிலிருந்து பிறந்த நம்பிக்கை. அளந்து பார்த்த முடிவாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

அதைச் சந்தேகிக்க வைப்பது இடையர்களின் அனுபவம். வேல்ஸ் நாட்டின் பாலா என்ற ஊரில் 1873இல் ஆட்டு நாய்களுக்கான போட்டி நடந்தது. 1906இல் சர்வதேச ஆட்டு நாய்ச் சங்கம் உருவானது. அந்த மரபில் இரட்டை நாய்ப் பிரிவு என்றே ஒன்று உண்டு. ஒரே இடையர் ஒரே நேரத்தில் இரண்டு நாய்களை ஓட்டுவார். நாய்க்கொரு சீழ்க்கை. இடப்பக்க நாய்க்கான ஒலிக்கு வலப்பக்க நாய் அசையாது. அஜிலிட்டியில் கொடிகட்டிப் பறக்கும் பார்டர் கோலி இந்த வேலைக்காகவே வளர்க்கப்பட்ட இனம். ஒரே நேரத்தில் ஒரே ஆளை இன்னொரு நாயோடு பகிர்ந்துகொள்ளக்கூடிய நாய், ஒன்றன் பின் ஒன்றாக ஓடுவதில் மட்டும் குழம்பிவிடும் என்பது கேள்விக்குரியது.

நம் பக்கத்திலும் ஒற்றை நாய் மரபு என்று எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகளின் ஆட்டுக்கிடைக்குக் காவல் என்று வந்தால் ஒரு நாயோடு நிற்பதில்லை. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களையும் ஒன்றுக்கு மேற்பட்டவையாகச் சேர்த்து விடுவதே வழக்கமாக இருந்தது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேட்டைக்கு இடமில்லாமல் போயிற்று. அந்த நாய்கள் ஆளை எதிர்பார்க்காமல் கண்ணில் படுவதைத் துரத்தும் வகை. அவற்றின் அனுபவத்தை அஜிலிட்டிக்கு நேராகப் பெயர்க்க முடியாது. 'ஒரு நாய், ஓர் ஆள்' என்பது தொன்மையான உண்மை போலப் பேசப்படும்போது மட்டும் இவற்றை எடுத்துக்காட்டலாம்.

ஷோ ரிங்கின் பழக்கம்

இந்தியாவில் இன்னொரு செல்வாக்கும் இருக்கிறது. இந்திய கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. மெட்ராஸ் கேனைன் கிளப் 1976இலிருந்து இயங்குகிறது. இங்கே நாய்ப் போட்டி என்றால் பெரும்பாலும் அழகும் இன இலக்கணமும் பார்க்கும் கண்காட்சிதான். அதில் தொழில்முறை ஹேண்ட்லர் ஒருவர் வேறு வேறு உரிமையாளர்களின் நாய்களைக் காலையிலிருந்து மாலை வரை மாற்றி மாற்றிக் களத்துக்குக் கொண்டுவருவார். அவருடைய இரண்டு நாய்கள் ஒரே சுற்றுக்கு வந்துவிட்டால் ஒன்றின் கயிற்றை உதவியாளரிடம் கொடுத்துவிடுவார்.

இந்தப் பழக்கத்தில் ஊறியவர்கள் அஜிலிட்டிக்கு வரும்போது ஒருவர் பல நாய்களோடு வருவதில் ஆட்சேபிக்க என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். ஆனால் அஜிலிட்டியில் கயிற்றைக் கைமாற்றுவது எளிதல்ல. மாதக்கணக்கில் ஒருவரின் உடல்மொழியைப் படித்துப் பழகிய நாய், முன்பின் தெரியாதவரோடு டனலுக்குள் நுழையலாம், நுழையாமல் வேலியோரம் முதலாளியைத் தேடி ஓடலாம். ஷோ ரிங்கில் மோதலைத் தீர்க்கும் வழி இங்கே அடைபட்டிருக்கிறது. இரண்டு நாய்களின் முறையும் நெருங்கி வந்தால் ஹேண்ட்லர் இரண்டையும் தானே ஓட்டியாக வேண்டும்.

முதல் நாய் ஒத்திகையா?

நியாயம் பற்றிய வாதத்தை இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகவே பயன்படுத்துகின்றன.

புகார் இது: நாயோடு களத்தை ஓடிப் பார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் ஒரு முறைதான். மூன்று நாய் வைத்திருப்பவருக்கு மட்டும் மூன்று முறை. முதல் நாய் ஏழாவது தடையில் தவறான டனலுக்குள் போனால், இரண்டாவது நாயோடு அந்த இடத்தில் இரண்டடி முன்னதாக நின்றுகொள்ளலாம். அப்படியானால் முதல் நாயின் ஓட்டம் மற்றவர்களுக்குக் கிடைக்காத ஒத்திகை ஆகிறது.

பதில் இப்படி வருகிறது: இரண்டு நாய்களும் ஒரே மாதிரி ஓடினால்தான் இந்தப் புகார் நிற்கும். நிதானமாக ஓடும் லாப்ரடாருக்கு முன்னால் போய் நின்று திசை மாற்றலாம். அதை ஃப்ரன்ட் கிராஸ் என்பார்கள். பாய்ந்து போகும் பார்டர் கோலியோடு அது நடக்காது, பின்னால் இருந்தபடியே பக்கம் மாற வேண்டும். ஒரே களத்துக்கு இரண்டு வழித்திட்டம் தேவைப்படுகிறது. நடந்து பார்க்கக் கிடைப்பதோ எல்லோருக்கும் உள்ள அதே ஏழெட்டு நிமிடம். அந்த நேரத்தில் இரண்டு திட்டங்களை மனப்பாடம் செய்பவருக்கு, ஓடும்போது ஒன்றின் நடுவில் மற்றொன்று வந்து புகுந்துகொள்ளும். களத்தில் வழி மறந்து நிற்பவர்களில் பல நாய்க்காரர்கள் குறைவல்ல என்று இந்தத் தரப்பு சொல்கிறது.

இரண்டும் நம்பக்கூடியவையாகவே இருக்கின்றன. ஒரே உயரப் பிரிவில், ஒத்த வேகமுள்ள இரண்டு நாய்கள் இருந்தால் அனுகூலம் இருக்கலாம். பிரிவும் வேகமும் வேறுபட்டால் சுமையே மிஞ்சலாம். எஃப்.சி.ஐ. 2023 முதல் உயரப் பிரிவுகளை மூன்றிலிருந்து நான்காக்கியிருக்கிறது: 35 சென்டிமீட்டருக்குக் கீழ், 43க்குக் கீழ், 48க்குக் கீழ், அதற்கு மேல். இதன் நோக்கம் வேறு. ஆனாலும் ஒரே வீட்டு நாய்கள் ஒரே பிரிவில் மோதும் வாய்ப்பை இது ஓரளவு குறைக்கிறது.

அமெரிக்கர்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டு அனுபவத்தைப் பிரித்தார்கள். அங்கே தொடக்க நிலையில் 'நோவிஸ் ஏ', 'நோவிஸ் பி' என இரண்டு. எந்த நாயோடும் இதுவரை அஜிலிட்டிப் பட்டம் பெறாதவர் முதலாவதில் ஓடுவார். முன்பே பட்டம் பெற்றவர் புது நாயோடு வந்தாலும் இரண்டாவதில்தான். புதியவரை மிரள வைப்பது ஒருவர் கொண்டுவரும் நாய்களின் எண்ணிக்கை அல்ல, அவருடைய தேர்ச்சி என்ற புரிதல் இதில் இருக்கிறது. நல்ல தீர்வுதான். ஆனால் இரண்டு வரிசைகளையும் நிரப்ப ஆள் வேண்டும். இருபது நாய் வரும் போட்டியை இரண்டாகப் பிரித்தால், ஒன்றில் மூன்று பேர் ஓடி மூன்று பேரும் பரிசு வாங்கிக்கொண்டு போவார்கள்.

காத்திருக்கும் நாய்

நாய் நலம் பேசுபவர்களுக்கு இதுவரை சொன்னவை எல்லாம் மனிதர்களின் கணக்கு. அவர்கள் பார்ப்பது ஓடாத நேரத்தை. ஒரு நாய் களத்தில் இருப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மற்ற நேரமெல்லாம் கூண்டிலோ காரிலோ மரநிழலிலோ இருக்கிறது. ஹேண்ட்லர் இன்னொரு நாயோடு போய்விட்டால் அதற்குத் தண்ணீர் காட்டுவது யார், மூச்சிரைப்பைக் கவனிப்பது யார், அடுத்த ஓட்டத்துக்கு முன் நடக்க வைத்து உடம்பைத் தயார் செய்வது யார்?

காயங்கள் பற்றிய தரவு ஓரளவுக்கு இருக்கிறது. 2013இல் வெளியான ஒரு பன்னாட்டு இணையக் கணக்கெடுப்பில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அஜிலிட்டி நாய்களில் ஏறத்தாழ 32 சதவீதம் ஒரு முறையாவது காயப்பட்டிருந்தன. தோளும் முதுகும் அதிகம் அடிபடும் இடங்கள். பார்டர் கோலிகளுக்கும் அனுபவம் குறைந்த நாய்களுக்கும் ஆபத்து கூடுதல். ஹேண்ட்லரின் அனுபவம் கூடினால் அது குறைந்தது. உரிமையாளர்கள் நினைவிலிருந்து சொன்ன தகவல் என்பது இதன் வரம்பு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அனுபவமிக்க ஹேண்ட்லர்களே பெரும்பாலும் பல நாய்களும் வைத்திருப்பவர்கள். ஆகையால் இந்தக் கணக்கைப் பல நாய் முறைக்கு எதிராகக் காட்டினால், அது காட்டியவர் பக்கமே திரும்பக்கூடும்.

மனநிலை பற்றிய ஆய்வுகள் இன்னும் சுவையானவை. 2006இல் அமெரிக்காவில் ஜோன்ஸ், ஜோசப்ஸ் என்ற இருவர் அஜிலிட்டிப் போட்டியில் ஓடிய ஆண்களின் ஹார்மோன்களையும் அவர்களுடைய நாய்களின் ஹார்மோன்களையும் அளந்தார்கள். தோற்ற இணைகளில் ஆளின் டெஸ்டோஸ்டிரோன் மாற்றத்துக்கும் நாயின் கார்ட்டிசால் உயர்வுக்கும் தொடர்பு தெரிந்தது. ஆள் நாயைக் கடிந்துகொண்ட விதத்துக்கு அதில் பங்கு இருந்தது. 2019இல் சுவீடனின் லிங்ஷாப்பிங் பல்கலைக்கழகத்தினர் 58 நாய்களின் முடியையும் உரிமையாளர்களின் முடியையும் சோதித்து, நீண்டகால மன அழுத்தத்தில் இரண்டும் ஒத்து ஏறி இறங்குவதைக் கண்டார்கள். போட்டிக்குப் போகும் நாய்களில் அந்த ஒத்திசைவு இன்னும் வலுவாக இருந்தது.

இவற்றை ஒட்டி ஓர் ஊகம் எழுகிறது. முதல் நாயோடு தோற்றுத் திரும்புபவர் அந்தக் கடுப்போடுதான் இரண்டாவது நாயைக் கூண்டிலிருந்து எடுக்கிறார். அந்த நாய் என்ன தவறு செய்தது? ஊகம் நியாயமானது. ஆனால் மேற்சொன்ன இரண்டு ஆய்வுகளும் அதைச் சோதித்தவை அல்ல. அவை ஓர் ஆளையும் அவருடைய ஒரு நாயையும் பார்த்தன. வரிசையில் அடுத்து நின்ற நாய் அவற்றின் பார்வைக்கு வெளியே இருந்தது. நேர்மாறாகவும் நடக்கலாம். ஒரே நாயை நம்பி வந்தவரின் முழுப் பதற்றத்தையும் அந்த ஒன்றே சுமக்கிறது. மூன்று நாயோடு வந்தவருக்கு ஒரு தோல்வியின் கனம் குறைவாக இருக்கக்கூடும்.

சட்டம் இங்கே அதிகம் உதவுவதில்லை. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனுக்குத் தேவையான நியாயமான நடவடிக்கை எல்லாம் எடுக்க வேண்டும் என்கிறது. எத்தனை விலங்குக்கு மேல் ஒருவரால் அப்படிப் பார்த்துக்கொள்ள முடியாது என்று அது சொல்வதில்லை. 

மூன்றரை கிரவுண்டும் மூன்றரை மணி நேரமும்

இப்போது ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வரலாம்.

ஓர் அஜிலிட்டிக் களத்துக்குக் குறைந்தது 20 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் தேவை என்று வைத்துக்கொள்வோம். 800 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 8,600 சதுர அடி. நம் ஊர் அளவில் மூன்றரை கிரவுண்டு. வேளச்சேரி நெடுஞ்சாலையை ஒட்டி மூன்றரை கிரவுண்டு சமதளம் சும்மா கிடந்தால் அது அதிக நாள் சும்மா கிடக்காது, அடுக்ககத்துக்குப் பூமி பூஜை நடந்துவிடும். 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவாவதற்கு முன்பே இந்தப் பகுதி நெருங்கிப்போயிருந்தது. ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளைச் சுற்றியும் வீடுகள்தான். பள்ளி மைதானமோ, புறநகருக்கு வெளியே ஒரு பண்ணையோதான் கிடைக்கும். எப்படிப் பார்த்தாலும் ஒரு களம், ஒரே ஒரு களம்.

அடுத்து நேரம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். அதன் தோல் நம் தோலைப் போல வியர்ப்பதில்லை. மூச்சிரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்ற வேண்டும். காற்றில் ஈரப்பதம் கூடினால் அந்த வழியும் மந்தமாகிறது. சென்னையில் காற்று எப்போது ஈரமில்லாமல் இருக்கிறது? 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனவிருத்திக் கொள்கை, இந்தத் தட்பவெப்பம் தாங்காத சில குளிர் பிரதேச இனங்களைக் கட்டுப்படுத்த முனைந்ததற்கும் இதே காரணம்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை. பங்குனிக்குப் பிறகு வெயில். மார்கழி, தை, மாசிதான் தோதான மாதங்கள். அப்போதும் காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடிப்பது நல்லது.

மூன்றரை மணி நேரம் என்பது 210 நிமிடம். இரண்டு பிரிவுகள் நடத்தினால் நடுவில் களத்தை மாற்றி அமைக்க அரை மணி, இரண்டு முறை நடந்து பார்க்கக் கால் மணி. மீதி 165 நிமிடம். நாய் உள்ளே வந்து, ஓடி, வெளியே போய், விழுந்த கம்பியை எடுத்து வைக்க ஒன்றரை நிமிடம் என்றால் 110 ஓட்டம். அதாவது ஐம்பது சொச்சம் நாய்கள். இது உச்சவரம்பு. நடைமுறையில் இருபது, இருபத்தைந்து நாய் வந்தாலே இங்கே நல்ல கூட்டம்.

இந்தச் சிறு கூட்டத்தில்தான் சிக்கல் இருக்கிறது. சிறிய போட்டி என்றால் நிதானமாக நடக்கும், பல நாயோடு வருபவருக்கு அவசரம் இருக்காது என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரு பிரிவில் அறுபது நாய் ஓடுகிறது, ஒருவருடைய மூன்று நாய்கள் சமமாகப் பிரிந்திருக்கின்றன என்றால் இருபது ஓட்டத்துக்கு ஒரு முறை அவருக்கு முறை வரும். அரை மணி இடைவெளி. அதே ஆள் ஒன்பது நாய் உள்ள பிரிவில் மூன்றோடு வந்தால் மூன்று ஓட்டத்துக்கு ஒரு முறை. நாலரை நிமிடம். அந்த நாலரை நிமிடத்துக்குள் ஓடி முடித்த நாயைப் பாராட்டி, சற்று நடத்தி, தண்ணீர் காட்டி, நிழலில் கட்டி, அடுத்ததை எடுத்து, மூத்திரம் போகவிட்டு, உடம்பைத் தளர்த்தி, புது வழித்திட்டத்தை நினைவுக்குக் கொண்டுவந்து, வரிசையில் நிற்க வேண்டும். கூட ஆள் இல்லாமல் ஒருவரால் ஆகிற காரியமில்லை. ஏதாவது ஒன்று விடுபடும். பெரும்பாலும் விடுபடுவது முதலிலும் கடைசியிலும் செய்ய வேண்டிய நடைதான்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடக்கும் வாதம் நமக்கு அப்படியே பொருந்தாமல் போவது இதனால்தான் என்பது என் கணிப்பு. அங்கே பல களங்கள் ஒரே நேரத்தில் இயங்கும் பெரிய போட்டிகள் உண்டு. அவர்களுடைய தலைவலி, இரண்டு களத்திலும் ஒரே நேரத்தில் பெயர் கூப்பிடப்படுவது. அதற்கு வாசலில் நிற்கும் ஸ்டூவர்டிடம் சொல்லி முறையை மாற்றிக்கொள்ளலாம். இங்கே ஒரே களம், யாரும் மோதுவதில்லை, ஆனால் மூச்சுவிட இடைவெளி இல்லை. எத்தனை நாய் என்று கேட்பதைவிட, ஒரு நாய்க்கும் அடுத்ததற்கும் நடுவில் எத்தனை நிமிடம் என்று கேட்பது இந்த நிலைமைக்குப் பொருத்தமாக இருக்கும்.

இதற்கான பரிகாரங்களும் சோதனைக்குரியவையே. மூன்று நாயையும் வெவ்வேறு உயரப் பிரிவில் வைத்திருப்பவருக்குப் பிரச்சினை தானாகக் குறையும், ஆனால் நாயை யாரும் உயரம் பார்த்து வளர்ப்பதில்லை. உயரங்களைக் கலந்து ஓடவிட்டால் இடைவெளி கூடும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கம்பிகளை ஏற்றி இறக்கினால் அந்த மூன்றரை மணி நேரம் கரைந்துபோகும். வந்திருக்கும் நாய்களின் எண்ணிக்கையைப் பொறுத்து வரம்பு வைக்கலாம்: இருபது நாய்க்குக் குறைவானால் ஒரே பிரிவில் ஆளுக்கு ஒன்று, நாற்பதைத் தாண்டினால் இரண்டு என்பது போல. கேட்க நியாயமாக இருக்கிறது. பதிவு முடியும் நாள் வரை யாருக்கும் தன் இரண்டாவது நாய் ஓடுமா என்று தெரியாது என்பதுதான் அதன் குறை. இரண்டாவது நாய்க்குத் துணையாள் கட்டாயம் என்ற விதி எளிது, குடும்பத்தோடு வருபவருக்குச் சாதகம். தனியாக வாழ்பவர் என்ன செய்வார்?

இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு முரண் இருக்கிறது. பல நாய்க்காரரைத் தாங்க முடியாத சிறிய போட்டிதான் அவரை அதிகமாக நம்பியிருக்கிறது. ஐந்து பேர் தலா நான்கு நாய்களோடு வந்தால்தான் இருபது சேரும். அவர்களை ஆளுக்கு ஒன்று என்று நிறுத்தினால் மைதான வாடகைக்குக்கூடக் கட்டணம் தேறாது. அவர்களை அனுமதித்தால் பரிசுப் பட்டியலில் அதே ஐந்து பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும், புதிதாக வந்து பார்ப்பவர் இது ஒரு குடும்ப விழா என்று நினைத்துத் திரும்பிவிடுவார். இதிலிருந்து வெளியேற ஆட்களின் எண்ணிக்கை கூட வேண்டும். எஃப்.சி.ஐ. உலகப் போட்டி வம்சாவளிச் சான்று உள்ள நாய்களுக்கு மட்டும். பிரிட்டனிலோ கலப்பின நாய்க்கும் இடம் உண்டு. தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாய்கள் இத்தனை இருக்கும் தாம்பரம் கிழக்கில் எந்த வழி ஆளைக் கூட்டும் என்பது ஊகிக்கச் சிரமமானதல்ல.

தீராமல் நிற்பவை

இதுவரை பார்த்த தரப்புகளில் எதையும் முழுதாகத் தள்ளிவிட முடியவில்லை. குதிரைக்காரர் ஒப்புமை பலவீனமானது, அதனோடு வரும் வாரிசு வாதம் வலுவானது. காவலர் வாதம் பணிக்குப் பொருந்தும், விளையாட்டுக்கு அதை நீட்டுவது சந்தேகத்துக்குரியது. நியாயம் பற்றிய புகார் ஒரே பிரிவில் ஒத்த நாய்கள் என்ற குறுகிய சூழலில் நிற்கக்கூடும். நலம் பற்றிய கவலையே இந்தத் தட்பவெப்பத்தில் முதலிடம் பெற வேண்டும் என்று கருதுகிறேன். அதற்கு இப்போது கைவசமுள்ள சான்று மறைமுகமானது என்பதையும் சேர்த்துத்தான்.

ஒரே ஹேண்ட்லரின் முதல் நாய்க்கும் மூன்றாவது நாய்க்கும் நேரத்திலும் பிழையிலும் வித்தியாசம் உண்டா? உண்டென்றால் அது ஒத்திகையின் பலனா, களைப்பின் விளைவா? இடைவெளி ஐந்து நிமிடமானால் ஒரு விடையும், அரை மணியானால் வேறு விடையும் வருமா? இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. போட்டி முடிவுத்தாளில் ஆளின் பெயரும் நாயின் பெயரும் நேரமும் பிழையும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒவ்வொரு ஓட்டமும் தொடங்கிய மணியையும், அப்போது நிழலில் இருந்த வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் எழுத இன்னும் மூன்று கட்டங்கள் சேர்த்தால் போதும். இரண்டு மூன்று மார்கழிகளின் தாள்கள் சேர்ந்தால் வாதத்தின் ஒரு பகுதியையாவது எண்களைக் கொண்டு பேசலாம். நாயை மாற்றும் நேரத்தில் ஹேண்ட்லரின் முகம் எப்படி இருந்தது, கூண்டுக்குள் இருந்த நாய் அதை எப்படிப் படித்தது என்பதற்கு எந்தத் தாளிலும் கட்டம் இல்லை.